பயறு மாத் தகரம்

1997 மார்ச் 12, புதன்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். மாத்தளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அலுவிகாரைக்கு மேலே மலைப்பக்கம் முகில் கட்டியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. கிணற்றடியில் மனைவியை முக்காலியில் இருத்தி, பயறு மாவும் சீனியும் தயிரில் குழைத்து அவள் முகத்தில் தேய்க்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை நான் தொட்டது அதுவரை எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை. வைத்திருந்தால் ஒரு கை விரல்கள் போதுமாக இருந்திருக்கும்.

மறுநாள் எங்கள் ஒரே மகள் துபாய்க்குப் போகிறாள். அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் இரண்டு வருட ஒப்பந்தம். கொழும்பில் பயிற்சியில் இருந்தவள் கடிதம் எழுதியிருந்தாள்: மூன்று மணிக்கு உள்ளே போய்விட வேண்டும், அதற்கு முன் வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிவாசல் கடந்ததும் கம்பியருகே நிற்பேன். அந்த மூன்று மணிதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

ஜனவரியில் அவளைக் கொழும்பில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, குருநாகலுக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி என் மனைவியின் கன்னத்தில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். அந்த விரலைப் பக்கத்தில் நின்றவளுக்குக் காட்டி, “கஹ” என்றாள். சிங்களத்தில் மஞ்சள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் அடையாள அட்டை சரி, பொலிஸ் பதிவு சரி. ஆனாலும் தமிழர் என்று தனியே நிறுத்திவைத்தார்கள், பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. மூன்று மணி இருபது நிமிடம் வெயிலில் நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், இனிப் பொட்டும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம் என்று. பொட்டு அன்றே போயிற்று. மஞ்சளுக்கும் ‘சரி’ என்றாள். நான் முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் முத்திரை எண்ணியவன். சரி என்ற சொல்லை நம்பிப் பழக்கமில்லை. குசினியில் மஞ்சள் போத்தலைக் கவிழ்த்து எண்ணினேன். முப்பத்தொரு துண்டு. கறிக்குத் தூள்தான், துண்டு அவள் முகத்துக்கு மட்டும். ஒவ்வொரு ஞாயிறும் எண்ணினேன். எட்டு ஞாயிறும் முப்பத்தொன்றுதான். ஆனால் அவள் முகம் மட்டும் வெளுக்கவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து பூசியது, முப்பத்தெட்டு வருடத்துக் கறை, ஊறிப்போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாதான் முறை சொன்னார். என் மனைவிக்கு அவர் ராத்தா, மூத்த அக்காவுக்குச் சமம். பயறு மா மூன்று கரண்டி, சீனி இரண்டு, தயிர் ஒன்றரை, தேசிக்காய்ச் சாறு நாலு துளி. குசினிப் பலகைத் தட்டில் ஒவ்வொரு தகர டப்பாவிலும் என் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கும். பயறு மாத் தகரத்தை எடுத்தேன். மா மஞ்சளாகத்தான் இருந்தது. பயறு மா வேறு எந்த நிறத்தில் இருக்கும்?

வலக் கன்னம் அறுபது சுற்று, இடக் கன்னம் அறுபது, நெற்றி நாற்பது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தேன். முகம் கோயில் உற்சவத்துக்குத் தயாரானது போல் இருந்தது. முன்னிருந்ததைவிட மஞ்சள்.

வேலிப்பக்கம் நின்ற ராத்தா வந்து, கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். “இதுல பாதிக்குப் பாதி மஞ்சள்தான் கிடக்கு ஐயா.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “நீங்க எண்ணினது போத்தலத்தானே. தகரத்த எண்ணலியே.”

வேறு மஞ்சள் வாங்கி, பயறோடு சேர்த்து ஆலையில் அரைத்து, என் கையெழுத்துக்குப் பின்னாலேயே ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. நாளைக்குப் பிள்ளையைப் பார்க்காமல் போனால் யார் பொறுப்பு, இரண்டு வருடம், எழுநூற்று முப்பது நாள் என்று சத்தம் போட்டேன். ராத்தா கிண்ணத்தைக் கழுவும் சாக்கில் அப்பால் நகர்ந்தார்.

அவள் சத்தம் போடவில்லை. “பொட்டையும் எடுத்தாச்சு. மஞ்சளையும் எடுத்தா, நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்” என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பி, “சரி, தேய்ங்க. புள்ளையப் பாக்கணும்” என்றாள்.

இரண்டாம் தடவை ராத்தாவே முன்னின்றார். முதலில் தேங்காயெண்ணெய் பூசிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்தோம். துணி மஞ்சளானது. பிறகு அரிசியை ரவைபோல் இடித்து, சீனியும் பாலும் சேர்த்துத் தேய்த்தேன். அவசரத்தில் கை அழுந்திவிட்டது. “மெதுவா ஐயா, பித்தளைச் சட்டியில்ல, பொஞ்சாதி முகம்” என்றார் ராத்தா. மனைவி அப்போதுதான் சிரித்தாள். காது மடல், கழுத்து மடிப்பு, மயிர் ஓரம் என்று தேடித் தேடி எடுத்தோம். ஆறு மணிக்கு முடிந்தது. அவள் உண்மையான நிறத்தை அன்றுதான் கண்டேன். கன்னங்கள் சிவந்து எரிந்தன. கண்ணாடி கொடுத்தேன், வாங்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி பஸ். அதே சாவடியில் இறக்கினார்கள். பெண் பொலிஸ் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பஸ்ஸில் ஏறச் சொன்னாள். இருபத்திரண்டு நிமிடம். அது நாங்கள் தேய்த்ததாலா, அந்தப் பெண்ணுக்கு அன்று வேறு அவசரமிருந்ததாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு இரண்டு இடத்தில் மணிக்கணக்கில் காத்து நின்று பஸ் மாறி, கட்டுநாயக்கா வெளிவாசலுக்கு இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தோம்.

அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு வரிசை. பெண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்து, மனைவி எனக்கு முன்னே வாசலைக் கடந்துவிட்டாள். என் பையிலிருந்த மருந்துக் குப்பிகளைச் சிப்பாய் ஒவ்வொன்றாகத் திறந்து மணந்துகொண்டிருந்தான். ஏழு குப்பி. நாலாவதைத் திறக்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மகளின் குரல் கேட்டது. எழுபது எண்பது அடி தூரம் இருக்கும். அவள் தாயைத் தனியாகக் கண்டிருக்கிறாள். நெற்றியில் ஒன்றுமில்லை, மஞ்சள் இல்லை, அழுது அழுது சிவந்ததுபோல் கன்னங்கள். பொட்டை விட்டதையோ சாவடியையோ நாங்கள் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை.

“அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?” என்று கேட்டவள் பதில் வருமுன்னே பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே குந்தி இருந்துவிட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். சிப்பாய் கையைக் கீழே இறக்கச் சொன்னான். மனைவி மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உரக்கச் சொன்னது காதில் விழுந்தது: “ஒண்ணுமில்லடி. உங்கப்பா வர்றாரு. பின்னால குப்பி எண்ணிக்கிட்டு நிக்கிறாரு.”

எங்களுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. அதில் இருபது நிமிடம் மகள் என் கையை விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பவள்போல் நின்றாள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள், தாயை அல்ல, என்னை. மூன்று தடவை.

திரும்பும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை மாத்தளை டவுனுக்குத் தனியாகப் போனேன். மஞ்சளும் பயறும் வாங்கி ஆலையில் ஒன்றாக அரைப்பித்து, அந்தத் தகரத்தில் கொட்டினேன். பெயர் ஒட்டிய கடதாசியில் ‘பயறு மா’ என்பதற்குக் கீழே ‘மஞ்சளும்’ என்று எழுதினேன். மஞ்சள் கால் கிலோ நாற்பத்திரண்டு ரூபாய், பயறு அரைக் கிலோ இருபத்தாறு, அரைகூலி மூன்று ரூபாய் ஐம்பது சதம். மொத்தம் எழுபத்தொரு ரூபாய் ஐம்பது சதம்.