மொட்டு இல்லாத முன்சக்கரம்

அவளுக்கு உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அண்ணன் சொல்வான். பகலெல்லாம் பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகும் பிளாஸ்டருமாக, யாரோ ஒருவரின் ஈறோடு மல்லுக்கட்டுவாள். வீடு திரும்பினால் அதே கை போர்க்கால லாரிகளை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும். ஐம்பதை நெருங்குகிற பெண்ணுக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்களிடம், பல் கட்டுகிறவளுக்கு டயர் கட்ட வராதா என்று திருப்பிக் கேட்பாள். அதற்குமேல் யாரும் வாய் கொடுப்பதில்லை.

அண்ணன் லாரி ஓட்டுநர் சங்கச் செயலாளர். சங்கத்துக்குப் புதுக் கூடம் கட்டியிருந்தார்கள். அதில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க, அப்பா போரில் ஓட்டிய லாரியைச் செய்து தரச் சொன்னான். செய்துகொண்டிருக்கும்போதே மேசையருகே வந்து நின்று நோண்டினான்.

"பத்து டயர் இருக்கு. நீ ஆறு சக்கரங்கிற. கணக்குல நீ எப்படிப் பாஸானன்னே தெரியல."

"பின்னாடி ஜோடியா இருக்கிற டயரு ஒரே சக்கரமாத்தான் கணக்கு. ஆறுக்கு ஆறுன்னா ஆறு சக்கரமும் இழுக்கும். ஆறுக்கு நாலுன்னா பின்னாடி நாலு மட்டும் வேலை செய்யும். முன்னாடி ரெண்டும் சும்மா கூட உருளும். வீட்டு வேலையில நீ உருளுற மாதிரி."

அப்பாவின் வண்டி ஆறுக்கு ஆறு. அதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, ஏனென்றால் கதையே அதில்தான் நின்றது. பாலம் உடைந்துபோன ஆறு. வண்டி நிறையக் காயம்பட்டவர்கள், பதினொரு பேர். எதிர்க்கரை செங்குத்தான சேறு. முன்சக்கரம் கவ்விப் பிடிக்க, இருபது வயது அப்பா ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டார். நாலு பேர் கூடினால் அண்ணன் இதை எடுத்துவிடுவான். "பதினொரு உயிரைக் காப்பாத்தின கை இது" என்று அவன் முடிப்பதற்குள் அப்பா எழுந்து வெளியே போயிருப்பார். எவ்வளவு தன்னடக்கம் என்று கேட்டவர்கள் உருகிப்போவார்கள்.

அப்பாவுக்கும் இருப்புக் கொள்ளாது. மகளுக்கு அது அவரிடமிருந்து வந்ததுதான். எண்பது தாண்டியும் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். பேருந்தில் ஏறினால் கடைசி இருக்கைக்குத்தான் போவார். இறங்கும்வரை பின்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். முன்னால் இடம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவள் அலுத்துவிட்டாள்.

அப்பாவோடு வண்டி ஓட்டிய ஒருவரின் மகன், பழைய பெட்டியில் கிடந்ததென்று ஒரு படம் அனுப்பினான். கதவில் சாய்ந்து நிற்கிறார் அப்பா, மீசை அரும்பாத முகம். பக்கத்தில் முன்சக்கரம். பல்லின் விளிம்பைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை அவள் அதன்மேல் வைத்தாள். இழுக்கிற முன்சக்கரமாக இருந்தால் நடுவில் ஹப் என்கிற குடம் மொட்டுப்போல வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். இதில் மொட்டே இல்லை. ஒரு சின்னத் தட்டை மூடிதான். வண்டிக்கு அடியிலும், முன்னச்சின் நடுவில் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கிற பல்சக்கரக் குண்டைக் காணோம்.

ஆறுக்கு நாலு.

அப்பா ஓட்டியது ஒரே வண்டி, அவரே சொன்னது. முன்சக்கரம் சும்மா உருளுகிற வண்டி, அத்தனை பாரத்தோடு, அந்தச் சேற்றில் ஏறாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் அப்பா அந்தக் கரையை ஏறினாரா? ஏறவில்லையென்றால் அந்தப் பதினொரு பேர் என்ன ஆனார்கள்? மறுநாள் வேலையில் இடது கோரைப்பல்லை வலப்பக்கம் பதித்துவிட்டாள். "இதை மாட்டினா அந்தம்மா சிரிச்சாலும் முறைக்கிற மாதிரி இருக்கும்" என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணனிடம் சொன்னாள். அவன் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"மொட்டை ஒட்டிடு. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"அப்பாகிட்ட மட்டும் கேட்டுடாத. இந்த வயசுல அவருக்குன்னு இருக்கிறதே அந்தக் கதை ஒண்ணுதான்."

அதுதான் அவளுக்கும் பயம். கேட்டால் அவர் உடைந்துபோவார்; கேட்காவிட்டால் அவள் கையால் ஒரு பொய்யைச் செய்து கண்ணாடிக்குள் வைக்கவேண்டும். மொட்டு வைத்த ஜோடி, வைக்காத ஜோடி, இரண்டையும் செய்து மேசைமேல் அந்தப் படத்தின் பக்கத்தில் போட்டுவைத்தாள். வீட்டுக்குள் அப்பா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நடந்தார்கள்.

விடுமுறை நாள் காலையில் அப்பாவின் நடை மேசையருகே நின்றது. விரலால் சக்கரங்களைப் புரட்டினார். மொட்டில்லாத ஒன்றை எடுத்து முன்னச்சில் செருகினார்.

"படம் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

"ஏறல. பாதியில நின்னுடுச்சு. பின்சக்கரம் சேத்துல சுத்துது. உள்ள படுத்திருந்தவங்க இறங்குனாங்கம்மா. கை போனவன், கால்ல கட்டுப் போட்டவன், எல்லாரும். நான் சொல்லல. அவங்களா இறங்கித் தள்ளுனாங்க."

மொட்டில்லாத இன்னொரு சக்கரத்தை அவள் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நிறுத்தினா சறுக்கிடும்னு மெதுவா உருட்டிக்கிட்டே போனேன். ஒவ்வொருத்தரா தொத்தி ஏறினாங்க. ஒருத்தன் மட்டும் கரையிலயே உட்கார்ந்துட்டான். கண்ணாடியில தெரிஞ்சான். போன்னு கை காட்டினான்." மூச்சு வாங்கினார். "கொஞ்ச தூரத்துல சமதரை வந்துச்சு. அங்க நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. பயந்துட்டேன். ஏத்தினது பதினொண்ணு, இறக்கினது பத்து. யாரும் எண்ணிப் பாக்கல."

பேருந்தின் கடைசி இருக்கை அவள் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் அவரை முன்னால் வரச்சொல்லி நச்சரித்ததை நினைத்து அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு மெழுகை எடுத்தாள்.

"எந்தக் கையைக் காட்டினாருப்பா?"

"இடது கை. வலது கை வயித்தைப் பிடிச்சிருந்துச்சு."

பல்லுக்கு ஊற்றும் பிசினில் அவனை வார்த்தாள். சுண்டுவிரல் நகம் அளவுகூட வராத முகத்தை அப்பா மூன்று முறை திருத்தச் சொன்னார். கடைசியில், "எனக்கே மறந்துடுச்சு, விடு" என்றார்.

திறப்பன்று கூடம் நிறைய ஓட்டுநர்கள். பெட்டிக்குள் சேற்றுக் கரையில் லாரி. அதற்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தான் அவன். அண்ணன் பெட்டியைச் சரியாகப் பார்க்காமலே தொண்டையைச் செருமினான்.

"முன்சக்கரம் கவ்விப் பிடிக்க..."

"முன்சக்கரம் இழுக்காது" என்றார் அப்பா. "குனிஞ்சு பாருங்க."

குனிந்தார்கள். வண்டி தெரிந்தவர்கள், ஒரு பார்வை போதும். அண்ணனின் முகம் வெளிறிவிட்டது. அவள் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எப்படிங்க ஏறுச்சு?" என்றார் ஒரு டேங்கர் ஓட்டுநர்.

அப்பா கண்ணாடியில் விரலை வைத்து, கரையில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினார். இந்தமுறை அவர் வெளியே போகவில்லை.

"யாருங்க இவரு? பேரு என்ன?"

"கேக்கல" என்றார் அப்பா. "வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு."