படிவம் இல்லாத ஆள்

என் மனைவிக்கு நான் வைத்த பட்டப்பெயர் போலீஸ். செய்யும் தொழில் என்னவோ வாசனை எண்ணெய்ச் சிகிச்சை. வீட்டு முன்னறையில் ஒரு படுக்கை, அலமாரி நிறையப் பழுப்புக் குப்பிகள், சுவரில் சிகிச்சையாளர் சங்கம் கொடுத்த சான்றிதழ். நாற்பத்து மூன்று வயதில், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறி வாங்கியது. எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு அதே ஆணியில்தான் மாட்டினாள்.

யார் வந்தாலும் முதலில் சந்தேகம், பிறகுதான் எண்ணெய். சங்கத்துப் படிவத்தில் இருபத்தாறு கேள்விகள்: என்ன நோய், என்ன மருந்து, கர்ப்பமா, தோல் அரிக்குமா. மற்ற இடங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கி மடித்து வைத்துவிடுவார்களாம். இவள் ஒவ்வொன்றையும் குடைவாள். எண்ணெய் கொண்டு வருபவனையும் விடமாட்டாள். கலப்படமா என்று அறிய, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் பிசுக்கு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் குப்பி உள்ளே போகும்.

"பொய் சொல்றவங்க என் மூஞ்சியைப் பார்க்க மாட்டாங்க. நேரா சான்றிதழைத்தான் பார்ப்பாங்க," என்பாள். அப்படிப் பார்த்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு மட்டும் படிவம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்து வலி என்று உட்கார்ந்தால், ரோஸ்மேரி எண்ணெய் கலந்து பிடித்துவிடுவாள். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவள் யாரையும் சந்தேகப்படாத நேரம். அதை இழக்க எனக்கு மனமில்லை. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு ரோஸ்மேரி கூடாது என்பது சங்க விதி. அதனால், மூன்று மாதம் முன்பு டாக்டர் அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, அதை அலுவலக மேசையில் பூட்டி வைத்து, அங்கேயே சாப்பிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு, அவள் கையில் எண்ணெய் காய்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. சங்கத்து ஆய்வாளர் அம்மா. பதிவைப் புதுப்பிக்கும் முன் சொல்லாமல் வரும் சோதனை. விடுமுறை நாளில் வருவார்கள் என்று யார் கண்டது!

குப்பி, தேதி, படிவம் எல்லாவற்றையும் பார்த்தார். குறையே இல்லை. கிளம்பும்போது என்னைக் கடந்தவர் நின்றுவிட்டார்.

"ரோஸ்மேரி வாசனை வருதே. சாருக்குப் படிவம் எங்க?"

"அவரு என் வீட்டுக்காரருங்க," என்றாள் மனைவி.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. என் போலீஸ் விழுந்தது அங்கேதான்.

"வீட்டுக்காரருக்கும் உடம்புதானேம்மா இருக்கு? சரி, படிவம் இல்லைன்னா ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். ஆனா ஒத்துக்காத எண்ணெய் தேய்ச்சிருந்தா பதிவு நிக்கும். சார், மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

தோளில் கிடந்த துண்டால் கழுத்தை மூடிக்கொண்டேன்.

"இல்லைங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்," என்றேன்.

ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்தது.

"எழுதாதீங்கம்மா. அவரு பொய் சொல்றாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சான்றிதழைப் பார்த்துச் சொன்னாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைக் காப்பாற்றத்தானே சொன்னேன்! ஆனால் அவள் பார்வைக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை. மாத்திரையின் பெயரை நானே சொன்னேன். ஆய்வாளர் அம்மா ஆறு மாதத்துக்குப் பதிவை நிறுத்தி, சான்றிதழைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, புதுப் படிவம் ஒன்றை விரித்தாள்.

"பேரு?"

"பேரு கூடவா?"

"சொல்லுங்க."

சொன்னேன். வயது, தூக்கம், பழைய நோய். ஒவ்வொரு பதிலுக்கும் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துவிட்டே எழுதினாள். இருபது வருடத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வலித்தது.

"மாத்திரை எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். அங்கே ஆணி மட்டும் இருந்தது.