பெரிய கடையும் அண்ணையின் பங்கும்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, சீனி போடாத தேநீர் குடித்து, அடுத்த வாரத்து வேலைக்கான சேர்ட்டுகளை அயன் பண்ணிக் கொளுவினேன். முதல் நாள் எழுதிய நாட்குறிப்பைப் படித்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். லண்டனின் நோர்பரியில் இரவு தொடங்கிய மழை இன்னும் விட்டிருக்கவில்லை. மாதத்தின் இரண்டாம் சனி என்பதால் காரின் பின்னிருக்கையை மடித்து, குளிர்ப்பைகளை எடுத்து வைத்தேன். பெரிய கடைக்குப் போகிற நாள்.

பெரிய கடை என்பது எங்கள் குடும்பம் வைத்த பெயர். குரோய்டன் பக்கம் இருக்கிற மொத்தக் கடை அது. அங்கத்துவக் கார்ட் காட்டாமல் உள்ளே போக முடியாது. அண்ணை குடியிருக்கிற மிச்சம் என்ற ஊரில் அவருக்கு ஒரு மூலைக்கடை இருந்த காலத்தில் வியாபாரத்துக்காக எடுத்த கார்ட். இரண்டாவது ஆளாக என் பெயரையும் சேர்த்திருந்தார். மூலைக்கடையை விற்ற பிறகும் கார்டைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். அங்கே எல்லாம் பெரிய பைக்கற், பெரிய பெட்டி. இரண்டு வீடுகள் சேர்ந்தால்தான் கட்டும். "மிச்சத்திலை இருந்துகொண்டு மிச்சம் பிடிக்கத் தெரியாட்டி என்ன மனிசன்?" என்பார்.

எனக்கு அங்கே பிடித்தவை அலுப்பான சாமான்கள். ஒரே நிறத்தில் கட்டாக வரும் காலுறைகள். தோய்த்த பிறகு சோடி தேட வேண்டியதில்லை. உணவகங்களுக்கென்று வரும் அலுமினியத் தாள், கையில் எடுத்தால் உலக்கை மாதிரி. பிறகு பற்றரிகள். அண்ணைக்குச் சாப்பாடு மட்டும்தான் கண்ணில் படும். சால்மன் மீனை ஒரு பக்கம் முழுதாக வாங்கிவந்து கறித் துண்டாக வெட்டுவார். வாங்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "தலையை ஆர் எடுத்தவன்?" என்று தமிழில் கேட்பார். கஜு என்கிற முந்திரிப்பருப்புப் போத்தலை வீட்டுக்கு வருமுன் காரிலேயே திறந்துவிடுவார். கடைசியாக, காசு கட்டும் இடத்துக்குப் போகுமுன், சுட்ட கோழி ஒன்று. சூடு ஆறாமல் அது என் மடியில்தான் வரும். குளிர்காலத்தில் கார்க் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து புகாராகிவிடும். அண்ணை கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து ஓட்டுவார்.

கிச்சன் பேப்பரும் எப்போதும் உண்டு. தள்ளுவண்டியின் அடித்தட்டில்தான் அந்தக் கட்டு கிடக்கும். "இதை வாங்கினவன் முடிக்காமல் சாகேலாது தம்பி. கடைக்காரன் ஆயுளுக்குக் காறன்ரி தாறான்" என்பது அண்ணையின் பகிடி.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பங்கு போடுவார். வெங்காயம், மீன், முட்டை, கஜு எல்லாம் இரண்டாகும். "இது உன்ரை பங்கு, இது என்ரை பங்கு." கோழியில் ஒரு கால் எனக்கு, மற்றது அண்ணையின் மனைவிக்கு, எனக்கு மச்சாள். நெஞ்சு இறைச்சி எல்லாருக்கும். எலும்பு முழுதும் அண்ணைக்கு. முள்ளந்தண்டை உடைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டு மச்சாள் முகத்தைச் சுளிப்பார்.

கத்தோலிக்கரான எங்களுக்குப் பங்கு என்ற சொல் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. பிரித்துக்கொள்வதும் பங்கு. நாங்கள் சேர்ந்த கோயிலும் அதன் சனமும் பங்கு. கோயிலுக்குப் பொறுப்பான குருவானவர் பங்குச் சுவாமி. "சனிக்கிழமை என்ரை பங்கு, ஞாயிற்றுக்கிழமை சுவாமியின்ரை பங்கு" என்று அண்ணை பல வருடமாக ஒரே பகிடியை விட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

அந்த வருடம் தவக்காலத்தில் அண்ணைக்குத் தொண்டையில் புற்றுநோய் தொடங்கியது. கோடை முழுக்கக் கதிர்ச் சிகிச்சை. ஒக்ரோபரில் ஸ்கான் முடிவைக் கேட்க நாங்கள் இருவரும் போனோம். டொக்டர் வாயைத் திறக்குமுன், தனக்கு எதுவும் தெரிய வேண்டாம், தம்பிக்குச் சொன்னால் போதும் என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "கணக்குப் பாக்கிற ஆள் நீதானே" என்றார். எழுந்து வெளியே போய், காத்திருக்கிற இடத்து மீன் தொட்டிக்கு முன்னால் இருந்துகொண்டார்.

டொக்டர் என்னிடம் சொன்னார். நுரையீரலுக்குப் போய்விட்டது. இனிச் சிகிச்சை இல்லை. டிசம்பரில் வரும் நத்தார் வரை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அண்ணை கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காவிட்டால் திணிக்கவும் வேண்டாம் என்றார். அன்று மாலை குசினியில் வைத்து மச்சாளிடம் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதார். "அவர் கேட்டா நீங்கள்தான் சொல்ல வேணும் தம்பி. என்னாலை ஏலாது" என்றார். நான் ஓம் என்றேன்.

அண்ணை கேட்கவில்லை. நான் போகும்போதெல்லாம் வெங்காயம் என்ன விலை, மழையோ, ட்ராம் ஓடுதோ என்று கேட்டார்.

நவம்பரில் முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. அண்ணையின் குரல் பாதிக்குப் பாதி காற்றாகிவிட்டது. ஒரு வசனத்தில் இரண்டு சொல் வெளியே வரும், மற்றவை வாயசைவு. கெட்டியான எதையும் விழுங்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தடிப்பாக்கும் மா ஒரு ரின் தந்திருந்தார். குடிக்கிற எதையும் அதைக் கலந்து பாணிப் பதத்துக்குக் கொண்டுவந்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

அதனால் அந்தச் சனிக்கிழமை பெரிய கடையில் தள்ளுவண்டியுடன் தனியே நின்றபோது, எதை வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணையின் கட்டில் யன்னல் பக்கம். நான் இறக்குவதை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். குறைத்து வாங்கினால், அவர் கேட்காத கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் வழமைபோல வாங்கினேன். சால்மன் ஒரு பக்கம், வெங்காய மூட்டை, முட்டை, கஜு. கிச்சன் பேப்பர்க் கட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதையும் அடித்தட்டில் தள்ளினேன். கோழிகள் சுழன்றுகொண்டிருந்தன. அதிலும் ஒன்று எடுத்தேன்.

வாசலில் பற்றுச்சீட்டையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோடு கீறிவிடுகிற வயதான மனிதர் என்னை அடையாளம் கண்டார். "முதலாளி வரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில் இருக்கிறார் என்றேன். "கஜுவை அவர் வரும்வரை திறக்காதே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கோழியை முன்னிருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். அண்ணை வீட்டு வாசலில் பங்குச் சுவாமியின் சின்ன நீலக் கார் நின்றது.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எஞ்சினை நிறுத்தினேன். மழை துடைப்பான் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டது. இறங்க வேண்டும் என்று தெரிந்தது, கதவுக் கைப்பிடியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மச்சாள் வெளியே ஓடி வந்தார். அழுத முகம். ஆனால் அதில் ஏதோ ஆறுதலும் இருந்தது. "தம்பி, அவருக்குத் தெரிஞ்சிட்டுது. அவரே கேட்டிட்டார்" என்றார்.

"என்ன கேட்டவர்?"

"நித்திரையாலை எழும்பி, பங்கு, கூப்பிடு எண்டவர். ரெண்டுதரம் சொன்னவர். நான் உடனை பங்குச் சுவாமிக்குப் போன் அடிச்சன். எண்ணெய் பூச வந்திருக்கிறார்."

உள்ளே சுவாமி ஊதா நிறத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலருகே நின்றார். இளம் ஆள், லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழ். அண்ணை தலையணையில் நிமிர்ந்து, கண்ணை அகல விரித்து அந்தச் சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் கூப்பிட்டது?" என்றார். காற்றுதான் வந்தது, ஆனால் எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

மச்சாள், "நீங்கள்தானேயப்பா சொன்னனீங்கள்? பங்குச் சுவாமியைக் கூப்பிடச் சொல்லி?" என்றார்.

அண்ணை இல்லை என்று தலையை ஆட்டினார். கையைத் தூக்கி யன்னலுக்கு வெளியே என் காரைக் காட்டினார். மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னார். "தம்பி வந்தா... பங்கு போட... என்னைக் கூப்பிடு எண்டனான்."

மச்சாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சுவாமியின் காது சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. நான் பிறகு ஒருநாள்..." என்று துண்டைக் கழற்றப் போனார்.

அண்ணை கையால் பொறு என்று காட்டினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தொடங்கி இருமலாக மாறியது. மச்சாள் ஓடிவந்து முதுகைப் பிடித்தார். இருமல் அடங்க வெகு நேரமாயிற்று. அடங்கியதும் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கையசைத்தார். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"எண்ணெய் வரைக்கும் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"எவ்வளவு?"

அதுதான் நான் ஒரு மாதமாகக் காத்திருந்த கேள்வி. எப்படிச் சொல்வது என்று தனியே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அந்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை. "நத்தார் வரைக்கும் இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். நிச்சயமில்லை எண்டும் சொன்னவர்" என்றேன்.

அண்ணை கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து, "கிச்சன் பேப்பர் வாங்கினனியோ?" என்றார்.

"ஓம்."

"பெரிசோ?"

"ஓம் அண்ணை."

"சின்னன் இல்லையோ அங்கை?"

அங்கே சின்னது இல்லை என்பது அவருக்குத்தான் எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அவர் சுவாமியின் பக்கம் திரும்பினார். "மழைக்குள்ளை வந்த மனிசன். சும்மா விடேலாது. பூசுங்கோ" என்றார். சுவாமி நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசிச் செபித்தார். நாங்கள் முழங்காலில் இருந்தோம். செபத்தின் நடுவில் சுவாமியின் குரல் ஒருமுறை உடைந்தது. அண்ணையின் கண்ணில் தண்ணீர் வந்தது, எண்ணெய் பட்ட கையால் துடைக்கப் பயந்து அப்படியே விட்டார்.

செபம் முடிந்ததும் சாமான்களை உள்ளே கொண்டுவரச் சொன்னார். மச்சாள், "இப்ப உது வேணுமோ?" என்றார். வேணும் என்று தலையாட்டினார். சாப்பாட்டு மேசையைக் கட்டிலருகே இழுத்தோம். நான் வெட்டினேன், தராசில் நிறுத்தேன். அண்ணை விரலால் இங்கே, அங்கே என்று காட்டினார். என் பங்கில் சால்மனின் வால் பக்கம் கூடிவிட்டது என்று ஒரு துண்டை மாற்ற வைத்தார். பாதிக் கஜு வழமைபோல அவர் பக்கம் நின்றது. கோழிக்கு வந்ததும், எனக்கு வருகிற காலைச் சுவாமிக்குக் காட்டினார். "இண்டைக்குச் சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டு மச்சாளைப் பார்த்தார். மச்சாளுக்கு இப்போதும் சிரிப்பு வரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

சுவாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. நின்றபடியே அந்தக் கோழிக்காலை முழுதாகச் சாப்பிட்டார். அண்ணை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. கிச்சன் பேப்பர்க் கட்டைப் பிரித்து, சுவாமி கை துடைக்க ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன்.

இறைச்சியைக் கழற்றிய பிறகு தட்டில் எலும்பு இருந்தது. நான் அதைப் பைக்குள் போடப் போனபோது அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை.

"அது என்ரை" என்றார்.

"உங்களுக்கு ஏலாதே அண்ணை."

"ஏலாதுதான். ஆனா என்ரை."

எலும்பை அலுமினியத் தாளில் சுற்றி என் குளிர்ப்பையில் வைத்தேன். புறப்படும்போது அவர் நித்திரையாகியிருந்தார். மச்சாள் வாசல்வரை வந்து, "நான் சொல்லை வடிவாக் கேட்டிருக்கலாம் தம்பி" என்றார். அண்ணையின் குரலில் அது யாருக்கும் தெளிவாகக் கேட்டிருக்காது என்று சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எழுந்தவுடன், தேநீருக்கும் முன்னால், பெரிய பானையில் தண்ணீர் வைத்து அந்த எலும்புகளைப் போட்டேன். மிளகும் உள்ளிப்பூண்டும் ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டு, அடுப்பைக் குறைத்து, எலும்பு தானாக விட்டுப்போகும்வரை அருகில் நின்றேன். பிறகு சின்ன முள்ளும் தங்காதபடி துணியால் வடித்து, மேலே மிதந்த எண்ணெயை எடுத்து, நர்ஸ் காட்டிய அளவில் மாவைக் கலந்தேன். கரண்டியைச் சரித்து, பாணிபோல மெதுவாக விழுகிறதா என்று பார்த்தேன். விழுந்தது. பூசைக்குப் போகாமல், அந்தச் சூப்பை ஊற்றிய பிளாஸ்கை எடுத்துக்கொண்டு மிச்சத்திலுள்ள அண்ணை வீட்டுக்குப் புறப்பட்டேன்.