டிப்போவில் மேடம், வீட்டில் பொடிசு

பேருந்து டிப்போவில் அவளை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும் என்று சொல்லும் டைம் கீப்பர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதே கண்ணாடி அறை, அதே இரும்பு நாற்காலி. மைக்கைப் பிடித்து, "பதினேழாம் நம்பர், கிளம்புங்க" என்றால் போதும், வாயில் இருக்கும் டீயை விழுங்காமலே ஓட்டுநர் ஓடுவார்.

ஒருநாள் மதியம் டிக்கெட் பிரிவு கிளார்க் வாரப் பத்திரிகை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். மூத்த பிள்ளைக்குப் பொறுப்பு அதிகமாம், நடுப்பிள்ளை விட்டுக்கொடுத்துப் போகுமாம், கடைக்குட்டிக்கு விளையாட்டுப் புத்தி போகவே போகாதாம்.

"மேடம் வீட்டுக்கு மூத்தவங்க. வேணும்னா எழுதியே தரேன்."

"நான் கடைசி," என்றாள்.

கிளார்க் நம்பவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவளை வீட்டில் பார்த்திருந்தால்தானே.

வீட்டில் அவள் பொடிசு. ஐம்பத்தொரு வயதுப் பொடிசு. அண்ணாவும் அக்காவும் இருக்கும் பழைய வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மேடமும் கழன்றுவிடுவாள். சூடான பாத்திரத்தைத் தூக்கப் போனால் அக்கா பிடுங்கிக்கொள்வாள். திரும்பிப் போகும்போது, "ரோட்டைப் பார்த்துத் தாண்டு" என்று அண்ணா ஜன்னலில் இருந்து குரல் கொடுப்பார். நாளெல்லாம் அறுபது பேருந்துகளை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தவள், "சரிண்ணா" என்பாள். அங்கே எதிலும் அவளுக்கென்று ஒரு அபிப்பிராயம் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அண்ணா அவளைவிடப் பதினேழு வயது மூத்தவர். எலக்ட்ரீஷியன். அப்பா வெளியூர் வேலைகளிலேயே காலத்தைத் தள்ளிவிட்டதால், அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டதுகூட அவர்தான். ஆயுசு முழுக்க மின்கம்பம் ஏறியவர், அறுபத்தெட்டாவது வயதில் பல்பு மாற்ற ஏறிய ஸ்டூலில் இருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிக்கல் அதற்கப்புறம்தான். தினம் கொஞ்சம் நடக்கணும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அண்ணா கட்டிலை விட்டு அசையவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அக்கா கெஞ்சினாள், சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினாள், அழுதும் பார்த்தாள். அண்ணா சொல்லிக் கேட்டுத்தான் அந்த வீட்டுக்குப் பழக்கம். அவரைக் கேட்க வைக்க யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் பிசியோதெரபிஸ்ட் கிளம்பும்போது வாசலில் நின்று தாழ்ந்த குரலில், "இப்படியே விட்டா படுத்த படுக்கையாயிடுவாருங்க," என்றார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பொடிசு அப்போதுதான் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். நேராக உள்ளே போய் வாக்கரை இழுத்துக் கட்டிலோரம் நிறுத்தினாள்.

"எழுந்திருங்க. டைம் ஆச்சு."

அந்த வீடு அதுவரை கேட்டிராத குரல். அண்ணா அவளையே வெறித்துப் பார்த்தார். பிறகு மெல்லக் காலைக் கீழே இறக்கினார்.

எழுந்து நின்றபோது வாக்கரைப் பிடித்திருந்த கைகள் வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஓட்டுநருக்கு முதல் நாள் ஸ்டீயரிங்கில் கை அப்படித்தான் நடுங்கும். அவர்களிடம் கேட்பதையே, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"பயமா இருக்கா?"

அண்ணா தரையைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல பொடிசு. முதல் தடவை கம்பம் ஏறினப்பகூட. நீ அப்ப கைக்குழந்தை. நான் பயப்படுறது தெரிஞ்சா வீட்டுல எல்லாரும் பயந்துடுவீங்களேன்னு..."

"இப்ப யாரும் பயப்படல. நான் பிடிச்சிருக்கேன்."

"நீ தாங்க மாட்டே. சின்ன உடம்பு."

"எழுபத்தஞ்சு கிலோண்ணா."

அண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஓரடி வைத்தார். அன்றைக்கு மொத்தம் நாலு அடி.

அதற்கப்புறம் இரண்டு மாதம் தினமும் வந்தாள். சில நாள் அண்ணா முரண்டு பிடித்தார். ஒருநாள் கோபத்தில் தம்ளரை வீசியடித்தார். அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி வாக்கரை நிறுத்தினாள். நாலு அடி நாற்பதாகி, தெருமுனை மருந்துக்கடை வரை நீண்டது.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது அண்ணா கலர் அட்டையை அவள் கையில் கொடுத்து, "நீயே சொல்லு," என்றார். நீங்களே சொல்லுங்க என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஒரு வாரம் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். கடைசியில், இளம்பச்சை என்றாள்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்," என்றாள் அக்கா.

"இருந்தா இருக்கட்டும். பச்சையே அடிங்க," என்று அண்ணா பெயிண்டரிடம் சொல்லிவிட்டார்.

பெயிண்டர் ஏணியைச் சாத்தி, டப்பாவைத் திறந்தார். அண்ணா அவள் பக்கம் திரும்பினார்.

"நீ தள்ளி நில்லு பொடிசு. மேல சிந்திடும்."

அவள் தள்ளி நின்றாள்.