செபாஸ்தியம்மாளின் அடுப்பு வகுப்பு

செபாஸ்தியம்மாள் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அடுப்படிச் சுவரில் விரலை இழுத்துப் பார்க்கிறார். விரலில் ஒட்டிய கரியை வீட்டுக்காரியின் மூக்குக்கு நேரே நீட்டி, "தாயி, சுவத்துலயே இம்புட்டுன்னா உன் நெஞ்சுக்குள்ள எம்புட்டு இருக்கும்?" என்று கேட்கிறார். வந்தவருக்குக் காப்பி கொடுக்கலாம் என்று எழுந்தவள் முகம் சுண்டிப் போகும். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. என் மனைவி கொஞ்ச நாள் அவர் பெயரைச் சொன்னாலே முறைத்தாள். அப்புறம் ஒரு காலையில் பார்க்கிறேன், அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து அடுப்புக்கு மண் பிசைந்துகொண்டிருக்கிறாள்!

குள்ளமான உருவம், பஸ் கண்டக்டரையே அதட்டி நிறுத்துகிற குரல். கணவர் பவுல்ராஜ் திண்டுக்கல்லுக்கு வடக்கே மானாவாரியில் சோளம் போடுகிறவர். சில வருஷங்களுக்கு முன்பு பெண்களுக்குப் புகையில்லா அடுப்புப் போடப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று யூனியன் ஆபீஸிலிருந்து ஆள் சேர்த்தார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதால்தான் போனேன் என்று இவரே சொல்லிச் சிரிக்கிறார். சாப்பாட்டுக்குப் போனவர் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். இன்றைக்கு எரியோடு, அய்யலூர், நிலக்கோட்டை என்று பஸ் ஏறிப் போய் இவரே வகுப்பு நடத்துகிறார். ஐந்தாவது தாண்டாத எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை இத்தனை ஊர் டீச்சர் என்று கூப்பிடுவது எனக்கு எவ்வளவு பெருமை என்பதை மறைக்காமலே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு மாட்டுக் கொட்டகையிலும் நடக்கும், புளியமரத்து நிழலிலும் நடக்கும். களிமண், உமி, சாணி, சுட்டமண் குழாய், இவ்வளவுதான் பாடப்பொருள். பிசைந்த மண்ணை உருண்டை பிடித்துத் தரையில் போடச் சொல்வார். வெடித்தால் மறுபடியும் மிதிக்க வேண்டும். கடைசியில் பரீட்சை. அவரவர் போட்ட அடுப்பில் உலை வைத்து, கொதிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார வேண்டும். "கண்ணு கலங்குனா பெயிலு. புருசனை நெனச்சு அழுதேன்னு சொன்னாலும் பெயிலுதான்" என்பார். கொட்டகையே குலுங்கிச் சிரிக்கும்.

ஒரு சொல் மட்டும் அவர் வகுப்பில் கிடையாது. விளக்கை அணை என்று சொல்ல வாய் வராமல் குளிர வை என்கிற ஊர் இது. இந்த ஊரில் போய் முதல் வகுப்பிலேயே, பழைய அடுப்பை உடையுங்கள் என்று சொல்லிவிட்டாராம். சோறு போட்ட அடுப்பை உடைக்கச் சொல்ல நீ யார் என்று ஒரு மாமியார் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நஞ்சப் பேச்சா வாங்கினார்! அன்றிலிருந்து, பழைய அடுப்பைக் குளிர வைப்போம் என்றுதான் சொல்கிறார். குளிர வைத்த அடுப்பின் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் புது மண்ணோடு சேர்க்கவும் சொல்கிறார். மாமியார்கள் அடங்கிப் போனார்கள்.

உடைப்பது என்கிற அந்தச் சொல்லை இரண்டாம் தடவை அவர் கேட்டது போன ஆடியில், எரியோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அய்யம்மாள் வாயால். அந்த ஊரில் புது அடுப்புக்கு முதலில் சம்மதித்தவர் அய்யம்மாள்தான். அவரைப் பார்த்துத்தான் தெருவே மாறியது. விதைச் சோளக் கதிர்களைக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே உத்திரத்தில் தொங்கவிடுவது அங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். புகை பட்ட கதிரில் வண்டு ஏறாது. புது அடுப்போ புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்பிவிட்டது. மழை விழுந்து, விதைக்கலாம் என்று கதிரை இறக்கினால், உளுத்து மாவாகக் கொட்டியது.

வகுப்பு எடுக்கப் போன செபாஸ்தியம்மாளை அய்யம்மாள் வாசலிலேயே மறித்தார். கையில் கடப்பாரை.

"உன் அடுப்பை இன்னைக்கு ஒடைக்கப் போறேன் டீச்சரம்மா. நின்னு பாத்துட்டுப் போ."

தெருப் பெண்கள் எல்லாரும் பின்னால் நின்றார்கள். இந்த அடுப்பு போனால் அத்தனை அடுப்பும் போகும். சுற்றுப்பட்டில் இனி எந்த ஊரும் வகுப்புக்குக் கூப்பிடாது. செபாஸ்தியம்மாளுக்கு அது தெரியாமலா இருக்கும்? எனக்கு மேலே உள்ளவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன் என்று தப்பித்திருக்கலாம்.

"தப்பு என் பேர்லதான்க்கா. புகை போகும்னு சொன்னேன், விதை என்ன ஆகும்னு நெனைக்கலை. செத்த நேரம் பொறு, வாரேன்."

செத்த நேரம் சாயங்காலமாகிவிட்டது. தன் ஊருக்குப் போய், வீட்டில் வைத்திருந்த விதைச் சோளத்தை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நாம் எதை விதைப்பது என்று பவுல்ராஜ் கேட்டார். அந்த வருஷம் அவர்கள் காட்டில் பாதி தரிசாகக் கிடந்ததை நான் பார்த்தேன்.

மூட்டையை இறக்கிய பிறகு அய்யம்மாள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் போய், குழாய் புகை கக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசனை அய்யம்மாளுக்குத்தான் வந்தது. புகை போகிற இடத்துக்கே விதையும் போகட்டும் என்றார். தாழ்வாரத்துக்குக் கீழே குழாய் வாயைச் சுற்றி மூங்கில் தட்டியை வளைத்து, மண் பூசி, ஒரு கூண்டு கட்டினார்கள். அடுத்த அறுப்புக் கதிர் அதில் ஏறியது.

இந்த ஆடியில் அய்யலூர்ப் பக்கத்தில் ஒரு வகுப்பு. நானும் போயிருந்தேன். மண் உருண்டை எல்லாம் முடிந்தபின் ஒருத்தி எழுந்து, புகை இல்லையென்றால் எங்கள் விதைக்கு என்ன கதி என்று கேட்டாள். செபாஸ்தியம்மாள், தன்னோடு வந்து ஓரமாக நின்றிருந்த அய்யம்மாளைப் பார்த்து, நடுவிலிருந்து விலகிக்கொண்டார்.

அய்யம்மாள் முந்தானையிலிருந்து, கூண்டில் காய்ந்த கதிர் ஒன்றை எடுத்தார். பிறகு தட்டி கட்டும் முறை, பூச்சு, கூண்டுக் கதவு என்று மளமளவென்று வந்தது. கதிரை உதிர்த்து, கடித்துப் பாருங்கள் என்று ஆளுக்கு நாலு மணி கொடுத்துக்கொண்டே வந்தார்.

செபாஸ்தியம்மாள் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். தன் முறை வந்ததும் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.