ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு

கடனை அடைப்பதில் இருக்கிற விறுவிறுப்பு வேறு எதிலும் இல்லை என்று நான் சொன்னால் கம்பெனியில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டு வருடம் அந்த ஆட்டத்தை ஆடியவள் நான். எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை. என் வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை. மாதனூருக்குப் பக்கத்தில் ஓர் அறையும் கூடமும் சமையல்கட்டுமாகச் சொந்த வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பத்திரம் அப்போது எங்களுக்குக் கடன் கொடுத்தவரின் பீரோவில் இருந்தது.

அது அங்கே போனது எப்படி என்றால், மாதாமாதம் ஜாஸ்தி வட்டி தருகிறோம் என்று ஒரு பைனான்ஸ் ஆபீஸ் கிளம்பியது. பாதி ஊர் போய் விழுந்தது. என் வீட்டுக்காரரும் விழுந்தார். வீட்டை வைத்து வாங்கிய பணத்தைக் கொண்டுபோய் அங்கே கொட்டினார். கொஞ்ச நாள் வட்டி வந்தது, பிறகு ஆபீஸில் பூட்டு தொங்கியது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டன. இனிமேல் இந்த வீட்டில் சீட்டு, பைனான்ஸ், ஸ்கீம் என்று யார் வாயைத் திறந்தாலும் சோறு கிடையாது என்று சட்டம் போட்டேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

அப்புறம் ஆரம்பித்தது ஆட்டம். தோல் வெட்டுகிறவரைக் கட்டிக்கொண்டதன் அருமை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தோலை விரித்துப் போட்டால் எங்கே வடு, எங்கே ஓட்டை என்று பார்த்து, அச்சை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, வீண் போகாமல் வெட்ட வேண்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். பற்பசை ட்யூபை நெடுக வெட்டி விரித்து, எங்கள் மகளோடு சேர்த்து மூன்று பேருக்கும் நாலு நாள் ஓட்டினார். என் பழைய நைட்டியைத் தரையில் பரப்பி, சாக்பீஸால் கோடு போட்டு, தலையணை உறை, கரித்துணி, மிதியடி என்று பிரித்தார். கடைசியில் மிஞ்சிய ஒரு விரல் அகலத் துணியைத் தூக்கிக் காட்டி, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். முருங்கை மரத்துக்கு முட்டுக் கொடுத்துக் கட்டினோம்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு உண்டு. அதனால் ஆம்பூர் மார்க்கெட்டுக்கு நானும் மகளும் பைகளோடு பஸ்ஸில் போவோம், அவர் சைக்கிளில் வருவார். பஸ் நின்று நின்று போகும். ஜன்னல் வழியாக அவர் எங்களை முந்துவதைப் பார்த்து மகள் கையைத் தட்டுவாள். ஒருநாள் டிரைவர்கூடக் கவனித்துவிட்டு வேண்டுமென்றே கொஞ்சம் வேகமெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கட். ஆனால் ஆம்பூரில் இருந்துகொண்டு அந்த வாசனை இல்லாமல் எப்படி இருப்பது? குஸ்கா வாங்குவோம். அதே அண்டாவில் அதே மசாலாவில் வெந்த சோறு, கறி மட்டும் இருக்காது. விலை பாதிக்கும் கீழே. கூடக் கத்திரிக்காய்த் தொக்கும் தருவார்கள். எப்போதாவது கரண்டியில் ஒட்டிக்கொண்டு ஒரு கறித்துண்டு வந்துவிடும். அது யார் தட்டில் விழுகிறது என்று பார்க்க மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரிப்போம். முழு பிரியாணி சாப்பிட்ட காலத்தில் இந்த ருசி எனக்குக் கிடைத்ததே இல்லை.

இப்படியே கடன் பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டாம் வருடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிற ஓர் அக்கா பல வருடமாக ஏலச் சீட்டு நடத்துகிறார். ஒரு ரூபாய் ஏமாற்றியதாக யாரும் சொன்னதில்லை. இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டினால் ஐம்பதாயிரம் சேரும். யாருக்கு அவசரமோ அவர்கள், எனக்கு இவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும் என்று கேட்பார்கள். அப்படிக் குறைத்துக்கொள்வதற்குத் தள்ளுவது என்று பெயர். யார் அதிகமாகத் தள்ளுகிறாரோ அவருக்கு அந்த மாதப் பணம். தள்ளிய காசை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அக்காவிடம் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டுதான். ஒரே வீட்டில் இரண்டு பேர் பணத்தை எடுத்துவிட்டு, அந்த வீட்டுக்கு ஒரு கஷ்டம் வந்தால் இரண்டு தவணையும் நின்றுபோகும் என்பது அவர் கணக்கு. மற்றது, ஏலம் கேட்பவர் பெயர் வெளியே தெரியக் கூடாது. அவரவர் போனிலிருந்து அக்காவுக்குத் தனியாகத் தொகையை அனுப்ப வேண்டும். அக்கா சீட்டு நம்பரை மட்டும் சொல்லி, வாட்ஸப் குழுவில் குரல் பதிவாகப் போடுவார்.

நான் சேர்ந்தேன், ஏழாம் நம்பர். வீட்டில் சொல்லவில்லை. சட்டம் போட்டதே நான், நானே போய் எப்படிச் சொல்வது? ஓவர்டைம் காசில் சத்தமில்லாமல் கட்டினேன். வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்குச் சிக்கனம் முற்றிவிட்டது. சாயந்தர டீயை விட்டார். கண்ணாடி முன்னால் நின்று தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு, பின்மண்டையில் படிக்கட்டு மாதிரி ஒரு கோலத்தோடு வேலைக்குப் போனார். என் அதட்டலுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனியில் என் தையல் லைனில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

நாற்பத்தைந்தாயிரம் பாக்கி இருக்கும்போது கடன்காரர் கழுத்தைப் பிடித்தார். ஒருநாள் யாரோ ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, டேப் வைத்துக் கூடத்தை அளந்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான். வீட்டை வாங்கப் பார்ட்டி கிடைத்துவிட்டது, புதன்கிழமைக்குள் பணம் வராவிட்டால் பதிவு செய்துகொடுத்துவிடுவேன் என்று கடன்காரர் சொல்லிவிட்டுப் போனார். அதற்கான பவர் பத்திரத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில், ஞாயிற்றுக்கிழமை சீட்டு ஏலம் இருக்கிறது, எடுத்தே தீருவேன் என்று துள்ளிக்கொண்டும் இருந்தது.

ஞாயிறு சாயந்தரம் ஆறு மணிக்கு ஏலம். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று தன் தோஸ்த்தோடு கிளம்பினார் அவர். நல்லதாகப் போயிற்று என்று சமையல்கட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். ஆரம்பத் தள்ளு இரண்டாயிரம். ஒன்பதாம் நம்பர் கொஞ்ச நேரம் என்னோடு போட்டிபோட்டது. நாலாயிரத்தில் விட்டுவிட்டது. ஐயாயிரம் வரை தள்ளலாம், அதற்கு மேல் போனால் கடனுக்கு எட்டாது. நாலாயிரத்து ஐநூறு என்று அனுப்பிவிட்டு, முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது பன்னிரண்டாம் நம்பர் புதிதாகக் குதித்தது. ஆறாயிரம்.

யார் அந்தப் பாவி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் நான் கணக்குப் பார்க்கவில்லை. குறைகிற பணத்தை யார் காலில் விழுந்தாவது புரட்டிக்கொள்ளலாம், இவளை மட்டும் விடக் கூடாது என்று ஏழாயிரம் அனுப்பினேன். பன்னிரண்டாம் நம்பர் எட்டாயிரம் என்றது. நான் ஒன்பதாயிரம் என்றேன். சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. போனில் அக்காவின் குரல் வந்தது.

"பன்னண்டு, ஒம்பதாயிரத்தி ஐநூறு தள்ளுது."

அதே குரல், அதே வார்த்தை, ஒரு நொடி கழித்து ஜன்னலுக்கு வெளியே இருந்து இன்னொரு தடவை கேட்டது.

பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சைக்கிள் நின்றது. அதன் மேல் என் வீட்டுக்காரர், கீழே குந்தியிருந்த தோஸ்த் கையில் போன். என்னைப் பார்த்ததும் தோஸ்த் போனை லுங்கிக்குள் மறைக்கப் பார்த்தார்.

"யோவ், பன்னண்டாம் நம்பரு நீயா?"

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். முகம் அப்படியே போய்விட்டது. "அப்போ ஏழு... நீயா?"

தோஸ்த் பெயரில் சீட்டு, கட்டியது எல்லாம் இவர். டீயை நிறுத்தியது, முடி வெட்டிக்கொண்டது எல்லாம் இதற்குத்தான். என் சட்டத்துக்குப் பயந்து என்னிடம் சொல்லவில்லை. நான் என் சட்டத்துக்கு வெட்கப்பட்டு அவரிடம் சொல்லவில்லை. இப்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒருவர் காசை ஒருவர் அள்ளித் தெருவில் வீசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. தோஸ்த் இருந்ததால் இரண்டும் செய்யவில்லை.

ஏலம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பேசாமல் இரு, இதையே எடுத்துக்கொள்வோம், குறைகிறதைக் கெஞ்சிப் பார்ப்போம் என்றார் அவர். அந்தக் கடன்காரர் நூறு ரூபாய் குறைந்தாலும் விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அக்கா இரண்டு பேரையும் சீட்டைவிட்டே தூக்கலாம். தூக்கினால் வீடு போச்சு. சொல்லாவிட்டாலும் வீடு போச்சு. அவசரத்தில், அக்காவுக்கு மட்டும் அனுப்ப வேண்டியதைக் குழுவிலேயே பேசிப் போட்டுவிட்டேன்.

"அக்கா, பன்னண்டாம் நம்பரு என் வூட்டுக்காரரு. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ரெண்டு பேரும் ஏத்திவுட்டுக்கினு இருந்தோம். புதன்கெழம எங்க வூடு போயிடும். நீ இன்னா சொன்னாலும் கட்டுப்படுறோம்."

 குழுவில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எண்ணவே முடியவில்லை. நாளைக்குக் கம்பெனி பஸ்ஸில் எப்படி ஏறுவேன் என்று நினைத்தபோதே அக்காவின் குரல் வந்தது. கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று பார்த்தார், சிரிப்பு நடுவில் புகுந்துவிட்டது. பன்னிரண்டாம் நம்பர் இன்றோடு சீட்டில் இல்லை, கட்டின பணம் சீட்டு முடிந்த பிறகுதான் வரும், தள்ளுக்காசு கிடையாது. ஏழாம் நம்பர் இருக்கலாம். ஏலம் மறுபடி முதலிலிருந்து, பத்து நிமிடம்.

இரண்டாயிரம் என்று அனுப்பினேன். அதற்குள் இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்திருந்தேன். அக்கா அதைக் குழுவில் சொன்னார். துவைக்கிற கல்லின் மேல் போனை வைத்துவிட்டு மூன்று பேரும் சுற்றி நின்றோம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சீட்டில் இருக்கிற எல்லாருக்கும் பணத் தேவை இருக்கும், இல்லாதவர்கள் யார்? போன் வாயே திறக்கவில்லை. வெளிச்சம் அணைந்தால் என் வீட்டுக்காரர் விரலால் தொடுவார், மறுபடி எரியும். 

ஏலம் முடிந்தது, பணம் ஏழாம் நம்பருக்கு என்றார் அக்கா. நான் கத்திய கத்தலில் தோஸ்த் பயந்து எழுந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கருகின சாம்பாரையே ஊற்றி மூன்று பேருக்கும் சோறு போட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பணத்தைக் கொடுக்கும்போது அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் தன் விதியை மீறி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். ஒன்பதாம் நம்பர் யார் என்று சொல்லிவிட்டார். என் பக்கத்து மிஷினில் உட்காருகிறவள்.

அன்று சாயந்தரமே கடன்காரரிடம் போனோம். பணத்தை இரண்டு தடவை எண்ணினார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை, எனக்கு அது போதும். பவரை ரத்து செய்ய மறுநாள் காலை பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வருகிறேன் என்றார். பத்திரத்தைக் கையில் வாங்கி அங்கேயே நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். பாதி புரியவில்லை. மறுநாள் அவர் சொன்னபடி வந்து கையெழுத்துப் போட்டார். வீடு எங்களுடையது ஆயிற்று.

வியாழக்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறினபோதும் கேலி நிற்கவில்லை, பின்னால் இருந்து ஒருத்தி, "பன்னண்டு தள்ளுது" என்று அக்கா குரலில் கத்தினாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தபடி போய்ப் பக்கத்து மிஷின்காரியோடு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். உனக்கு யார் சொன்னது என்று முதலில் முறைத்தாள். தன் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டத்தான் சீட்டு கேட்டிருக்கிறாள்.

"பீஸு லேட்டா கட்டுனா ஐநூறு ரூபா பைனு. ஊடு போனா எத்தினி பைன் கட்டி திருப்புவ?" என்றாள், என்னவோ பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி.

பர்ஸில் ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. எடுத்து அவள் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன். வெளியே எடுத்து என் மடியில் போட்டாள். நான் மறுபடி திணித்தேன். அவள் என் கையைப் பிடித்து முறுக்கினாள், நான் அவள் கையைக் கிள்ளினேன். டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியது. அங்கே இன்னா சண்டை என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். பர்ஸை மூடினபோது, அது காலியாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.