கிண்ணத்துக்கு ஒரு பாதாம்

நார்வே என்ற தேசத்தைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்த சேதி, அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் பாயசம் சாப்பிடுவார்கள் என்பதுதான். அதுவும் ஒரே ஒரு பாதாம் போட்ட பாயசம். இதைச் சொன்னவள் நார்வேயைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா கப்பல் எஞ்சினைப் பழுது பார்க்கக் கிதிர்பூர் என்ற வங்காளத் துறைமுகத்துக்கு வந்து, கப்பல் கிளம்பிய பிறகும் தான் கிளம்பாமல், ஒரு வங்காளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். சாம்பல் நிறக் கண்களையும், சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஒரு நார்வே ஜெபத்தையும், இந்தப் பாயசத்தையும் மகளுக்கு விட்டுப் போயிருந்தார். சொத்து என்று வேறு எதுவும் கிடையாது.

நாங்கள் அவளை மாஷி என்றுதான் கூப்பிட்டோம். வங்காளத்தில் அம்மாவின் கூடப் பிறந்தவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கார்டன் ரீச்சில், ஆற்றை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீடு. கீழே மாஷி, அவளுக்கு நேர் மேலே நாங்கள், எங்களுக்கு மேலே ஒரு வங்காளிக் குடும்பம். அப்பாவுக்கு ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிக் குடிவந்தோம். குவார்ட்டர்ஸ்காரர்கள் எங்களை மறந்தே போனார்கள். சுவரில் எப்போதும் ஈரம் பூத்திருக்கும். ராத்திரி ஆற்றில் கப்பல் ஊதுவதும், அறையில் அப்பாவுக்கு மூச்சு இழுப்பதும் எனக்குப் பழகிப்போன சத்தங்கள். இரண்டும் கேட்டால்தான் தூக்கம் வரும்.

மாஷி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழை அம்மாவிடம் கற்றுக்கொண்டாள். அம்மாவோ திருநெல்வேலிக்காரி. ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள், தாந்த் கைத்தறிச் சேலை கட்டிய அந்த வெள்ளைக்காரி வாசலில் நின்று “வாங்க, சாப்ட்டேளா?” என்று கேட்டதும் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நிற்பார்கள். அந்த வேடிக்கையைப் பார்ப்பதற்கென்றே நான் முன்னால் ஓடிப் போய் நின்றுகொள்வேன்.

காலையில் மாஷி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரம்பு மோடாவில் உட்கார்ந்து வாய்விட்டு வங்காளத்தில் ஜெபம் செய்வாள். முழங்கால் போட முடியாத மூட்டு வலி. ஜெபம் என்றால் கெஞ்சல் இல்லை. மளிகைக்காரரிடம் நேற்றுச் சொன்ன சாமான் ஏன் வரவில்லை என்று கேட்கிற குரல்தான். முடித்ததும் “கேட்டாச்சு, இனி அவரு பாடு” என்று எழுந்து டீ போடப் போய்விடுவாள். இது எப்படி வேலை செய்கிறது என்பதில் எனக்குத் தீராத குடைச்சல். நார்வே சாமிக்கு வங்காளம் தெரியுமா என்று ஒரு நாள் கேட்டேன்.

“என்னய விட நல்லாத் தெரியும்ட்டி. ஒங்க அம்மா தமிழு மட்டும் கொஞ்சம் சிரமப்படுவாரு” என்றாள்.

சிரமம்தான் போலிருக்கிறது என்று நான் நம்பிவிட்டேன்.

பாயசத்துக்கு வருகிறேன். யாருடைய கிண்ணத்தில் அந்தப் பாதாம் வருகிறதோ அவர் அதைக் கடிக்கவோ காட்டவோ கூடாது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருக்க வேண்டும். பிறகு பரிசு. நார்வேயில் பாதாம் மாவில் செய்த பன்றிக்குட்டி தருவார்களாம். எங்கள் சந்து முனை மிட்டாய்க்கடையில் பன்றி அச்சு கிடையாது என்பதால் மாஷி மீன் அச்சில் வார்த்த நொலேன் குட் சந்தேஷ் தருவாள், புது வெல்லத்தில் செய்த பால் இனிப்பு. ஆனால் மீனுக்காக யாரும் வரவில்லை. பாதாம் கிடைத்தவர் மாஷியின் காதில் ஒரு வேண்டுதலைச் சொல்லலாம். அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் அவள் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு வருஷம் மேல்வீட்டு வங்காளி அண்ணிக்கு, நாங்கள் கூப்பிடுகிறபடி பௌதிக்கு, கிடைத்தது. அவளுக்குக் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷம் எதிர்வீட்டுத் தையல்கார சாச்சாவுக்கு. பையனுக்கு துபாய் விசா வந்தது. இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த வருஷம்தான் அப்பாவை ஆத்ராவுக்கு மாற்றப் போகிறார்கள் என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. புருலியா பக்கம், வெயிலும் பாறையுமான ஊர். அங்கே ஆறு இல்லை, கப்பல் இல்லை, என் பள்ளிக்கூடம் இல்லை, கீழ்வீட்டில் மாஷி இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதாம் எனக்குத்தான் வர வேண்டும், மாற்றல் நிற்க வேண்டும். வேறு வழியே தெரியவில்லை.

டிசம்பரில் மாஷி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டு. பாயசம் கிண்டுகிற வேலை அம்மாவுக்கு வந்தது. நாங்கள் சைவம், பாயசத்துக்குப் பிறகு மாஷி வீட்டில் மீன் பரிமாறுவாள் என்பதால் அம்மா அந்தச் சாயங்காலம் கீழே இறங்கியதே இல்லை. இந்த வருஷம் மீனும் இல்லை, சாக்கும் இல்லை. மாஷி தோல் உரித்த ஒற்றைப் பாதாமை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, எந்தக் கிண்ணத்திலாவது போடு, எதில் என்று எனக்குச் சொல்லாதே என்றாள். நான் அம்மாவைச் சரிக்கட்டுவதற்குள் மீன் சந்தேஷ் வாங்கிவர பௌதியோடு கடைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது கிண்ணங்கள் நிரம்பி வரிசையாக இருந்தன.

மாஷி நார்வே ஜெபத்தைச் சொன்னாள். நான் முதல் கரண்டியிலேயே வேகமாகத் துழாவினேன். பல்லில் தட்டியது. பாதாம்! கன்னத்துக்குள் தள்ளிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அறை அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். வாய் ஓயாத பௌதி பேசவில்லை. அவள் புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். சாச்சா தாடியைத் தடவியபடி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்பா வெறுங்கிண்ணத்தைச் சுரண்டினார். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி அப்பாவித்தனம், எல்லாருக்கும் ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருந்தது. யாருக்குக் கிடைத்தது என்று மாஷி கேட்டாள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வாயில் கையை வைத்தார்கள்.

உள்ளங்கைகளில் பாதாம் பாதாமாக இருந்தன. மாஷி தன் கிண்ணத்தைத் துழாவினாள். அவளுக்கும் ஒன்று.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவுக்குத் தான் செய்ததில் தப்பே தெரியவில்லை. “ஒரு பந்தியில ஒக்கார வச்சு ஒருத்தருக்கு மட்டும் போட்டா அது பந்தி வஞ்சனைல்லா மாஷி? என் கையால அப்பிடிப் பரிமாற மாட்டேன். எங்க வீட்டுல இருந்த பாதாமை ஊறப்போட்டு ஆளுக்கு ஒண்ணு வச்சேன்” என்றாள்.

மாஷி இதை மற்றவர்களுக்கு வங்காளத்தில் சொல்லப் பார்த்தாள். பந்தி வஞ்சனைக்குச் சொல் அகப்படவில்லை. கடைசியில், ஒருவருக்கு வைத்து இன்னொருவருக்கு வைக்காவிட்டால் இவள் ஊர்ப் பெண்களுக்குத் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டாள். பிறகு மாவுக்கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வருகிற வரைக்கும். “சரி, நாளையில இருந்து அவரு கொஞ்சம் சீக்கிரமா எந்திரிக்கட்டும்” என்றாள்.

சந்தேஷ் மீனை உடைத்துப் பங்கு போட்டார்கள். ஒவ்வொருவராக மாஷியின் காதில் வேண்டுதலைச் சொன்னார்கள். மாற்றல் வரக் கூடாது என்று நான் சொன்னேன். எனக்குப் பின்னால் அம்மா குனிந்து வெகுநேரம் சொன்னாள். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள், இரண்டு மடங்கு பலம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கோடை விடுமுறைக்கு முன்னால் ஆர்டர் வந்துவிட்டது. ஆத்ரா.

நான் தடதடவென்று கீழே இறங்கிப் போய் மாஷியின் முன்னால் நின்றேன். இத்தனை பேருக்குச் சேர்த்துக் கேட்டதில் என்னுடையதை மறந்துவிட்டாயா என்று கத்தினேன்.

“மறக்கலட்டி. தெனமும் கேட்டேன்.”

“பின்ன ஏன் நடக்கல?”

அவள் என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னத் தொடங்கினாள். “ரெண்டு பேரு எதிரும் புதிருமா கேட்டா அவருதான் என்ன செய்வாரு?”

அப்பாவின் நாற்காலி மேல் கண் வைத்த எவனோ ஒரு குமாஸ்தா, யார் மூலமாகவோ நார்வே சாமியிடம் மனுப் போட்டிருக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். முகம் தெரியாத அந்த மனிதனைப் பல வருஷம் திட்டித் தீர்த்தேன். ஆத்ராவில் ராத்திரிகள் சத்தமில்லாமல் இருந்தன. கப்பல் ஊதாததால் அப்படி இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் பௌதி வீடியோ காலில் அழுதாள். மாஷி தூக்கத்திலேயே போய்விட்டாளாம். ஃபோனை வைத்துவிட்டு நானும் அம்மாவும் நெடுநேரம் அழுதோம். அப்போதுதான் அம்மா சொன்னாள். அந்த ஈர வீட்டில் இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தால் அப்பாவின் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மாற்றல் வர வேண்டும் என்று மாஷியின் காதில் கேட்டவள் அம்மாதான்.

எனக்கு அந்தக் குமாஸ்தா ஞாபகம் வந்து, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. பிறகு ஒன்று உறைத்தது. அன்று மாஷியிடம் ஆளாளுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தோம். அவள் கிண்ணத்திலும்தான் ஒரு பாதாம் இருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவேயில்லை? அவளும் என் கட்சியாக இருந்திருக்கக்கூடும் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. நீ சொன்னதும் மாஷி என்ன சொன்னாள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எங் கையப் பிடிச்சுக்கிட்டா. பெறவு, ‘கேக்கேன், ஒரு நாளு விடாமக் கேக்கேன். ஆனா கொஞ்சம் மெதுவாக் கேக்கட்டுமா?’ன்னா.”